புல்டோசரைத் தொங்கவிட்டுக்கொண்டு மாமனார் ஊருக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து யாரும் கேட்கக் கூடாது. நான் ஹெலிகாப்டர் ஓட்டியவன் இல்லை. ஓட்டுகிறவர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பின்னால், தரையில் வெட்டிய சதுர ஓட்டை வழியாகத் தலையைத் தொங்கப்போட்டுக் குப்புறப் படுத்திருப்பேன். கீழே கம்பிக் கயிற்றில் தொங்கும் சுமை எந்தப் பக்கம் போகிறது, எதில் இடிக்கப்போகிறது என்று பார்த்து முன்னால் இருப்பவருக்குச் சொல்வது என் வேலை. லோட்மாஸ்டர் என்று பெயர். பெயரில் 'மாஸ்டர்' இருப்பதை நம்பிப் பல வருடம் ஏமாந்தேன். இன்று அதே வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள் நீங்கள். உங்கள் வீடுகளில் என்ன சொல்லிவைத்திருக்கிறீர்களோ, அது உங்கள் பாடு. என் வீட்டில் நான் சொல்லிவைத்தது என்ன ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதியில் அந்தப் பெரிய ரஷ்ய ஹெலிகாப்டர்கள் நம் நாட்டுக்கு வந்த புதிது. அதில் வேலை செய்யச் சிலரை ரஷ்யாவுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். அந்தச் சிலரில் வில்லியனூர் பக்கத்து அந்தோணியும் ஒருவன். எதைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால், ஆள் மாறிப்போய்விட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

அதுவரை நான் வேலை பார்த்த ஹெலிகாப்டர்கள் இதன் பக்கத்தில் நின்றால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். இதன் வயிற்றுக்குள் இரண்டு கவச வண்டிகளை ஓட்டி ஏற்றலாம். இருபது டன் தூக்கும். தலைக்கு மேல் எட்டு இறக்கைகள். இதற்கு முன்னால் அவர்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரோட்டர் வைத்து, இதைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டிப் பார்த்தார்களாம். அது பறந்தது, எல்லோரும் அசந்து பார்க்கும்படி தூக்கவும் செய்தது, ஆனால் பிழைப்புக்கு ஆகவில்லை. அதன்பிறகுதான் ஒரே தண்டு, எட்டு இறக்கை என்று முடிவுக்கு வந்தார்கள். இறக்கையைக்கூடச் செய்துவிடலாம், இரண்டு இன்ஜின்களின் முழு பலத்தையும் வாங்கி அந்த ஒற்றைத் தண்டுக்குக் கொடுக்கிற கியர்பாக்ஸ்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது என்று, பாடம் எடுத்த வயதான பொறியாளர் ஒருவர் சொன்னார்.

அந்த மனிதர் ஒரு நாள் எங்களைப் பனி மூடிய திடலுக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் ஹெலிகாப்டர் தரைக்கு மேலே நின்றபடி பறந்துகொண்டிருந்தது. "இது என்ன செய்யும்?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பள்ளிக்கூடத்திலேயே முதல் பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்குகிற சாதி நான். "தூக்கும்" என்றேன். அவர் என் தலையிலிருந்த ரோமத் தொப்பியைக் கழற்றிப் பனியின் மேல் வைத்தார். ஹெலிகாப்டர் எங்கள் பக்கமாக வந்தது. தொப்பி எழுந்தது, உருண்டது, பறந்தது, ஊசியிலை மரங்களுக்குள் புகுந்து காணாமல் போனது.

"தள்ளும்" என்றார் அவர். "இத்தனை டன்னை மேலே நிறுத்த வேண்டுமானால் அதற்கு ஈடாகக் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். மேலே இருப்பவன் இது தூக்குவதைப் பார்ப்பான். கீழே இருப்பவன் தள்ளுவதைப் பார்ப்பான். நீ இரண்டுக்கும் நடுவில் படுத்திருக்கப்போகிறவன்."

பாடம் அருமையான பாடம்தான். ஆனால் அன்று எனக்குத் தொப்பிதான் பெரிதாகப் பட்டது. வெறும் தலையோடு தங்குமிடத்துக்கு நடந்து போனதில் இரண்டு காதும் என்னுடையதுதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாடம் மண்டைக்குள் ஏறவில்லை.

ஊர் திரும்பியதும் விடுமுறையில் மாமனார் வீட்டுக்குப் போனேன். பாகூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், ஏரிக்குக் கீழே கரும்பும் நெல்லும். மாமனார் பெயர் சூசை. நல்ல மனிதர். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அதோடு இந்தோசீனாவில் அவர் பாராசூட்டில் குதித்த கதையும் வரும். மாமனார் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வருடக்கணக்காக வெந்துபோயிருந்தார்.

நான் போய் உட்கார்ந்ததும் கேட்டார்.

"மாப்ள, அந்த வண்டி எவ்ளோ பெருசு இருக்கும்?"

"நம்ம ஊரு கோயில் பெருசு இருக்கும் மாமா."

"கோயிலா! யம்மாடி. அத நீங்கதான் ஓட்றீங்களா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் மோரை ஒரு வாய் குடித்தேன். "நான் சொல்ற பக்கந்தான் மாமா அது போவும்" என்றேன்.

இது பொய் கிடையாது. பொய் கிடையாது என்பதால் கோயிலில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்திலும் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன். மறுநாள் காலை நான் பல் துலக்கும்போதே தெருவில் போன ஒருவர் நின்று, "பைலட்டு தம்பி, இன்னா எப்ப வந்த?" என்றார். நான் வாயில் பற்பொடி நுரையோடு சிரித்துவைத்தேன்.

அந்த வருடம் கார்த்திகையில் மழை பிடித்தது. விடவில்லை. எங்கள் ஹெலிகாப்டரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கிய மறுநாள் வேலை சொன்னார்கள். பாகூர் பக்கத்தில் ஒரு ஏரியின் கரை ஒரு இடத்தில் அரித்துக்கொண்டு போகிறது. ஆட்கள் மண் மூட்டை போட்டுப் பார்த்துவிட்டார்கள், தாங்கவில்லை. ஒரு புல்டோசர் கரைமேல் போய் மண்ணைத் தள்ளினால் பிழைக்கும். புல்டோசர் இருக்கிறது, ஆனால் வில்லியனூர் பக்கம் நிற்கிறது. நடுவில் இருக்கிற பாலம், சாலை எல்லாம் தண்ணீருக்கு அடியில். கரை உடைந்தால் கீழே இருக்கிற ஊர்கள் போகும். ஊர்களின் பெயரை அதிகாரி வாசித்தார். ஒன்று என் மாமனார் ஊர்.

எங்கள் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. வடக்கத்திக்காரர், குள்ளமான மனிதர், சிரிக்கவே மாட்டார். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கரைமேல் ஹெலிகாப்டரை இறக்க முடியாது, ஊறிப்போன மண் தாங்காது, புல்டோசரைக் கீழே தொங்கவிட்டுக் கொண்டுபோய்க் கரைமேல் வைத்துவிட்டு வரலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு அந்த இடம் தெரியுமா?"

"என் மாமனார் ஊர் சார்!" என்றேன். என் நெஞ்சு அப்போது எவ்வளவு அகலம் இருந்ததென்றால், சட்டைப் பொத்தான் தெறிக்காதது அந்தத் தையல்காரரின் புண்ணியம்.

வில்லியனூரில் செம்மண் மேட்டில் புல்டோசர் நின்றது. அதை ஓட்டுகிறவர் பெயர் ஏழுமலை, சேதராப்பட்டுக்காரர். நாங்கள் கம்பிக் கயிறுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வண்டியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இறங்குய்யா. நீ வரக் கூடாது, வண்டி மட்டுந்தான் போவுது."

"நான் இதுலயே குந்திக்கிறேன் சார். பிரேக்க புடிச்சிக்கிறேன்."

"ஆகாசத்துல எதுக்குய்யா பிரேக்கு?"

"வண்டி பயப்படும் சார்."

கேப்டன் என்ன தகராறு என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். சுமை தொங்கவிட்டுப் போகும்போது தேவையில்லாத ஆளை ஏற்றக் கூடாது என்பது விதி. எனக்கு விதிகள் நன்றாகத் தெரியும், அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அங்கே இறக்கிய பிறகு அதை யார் ஓட்டுவார்?" என்றார் கேப்டன்.

"இவர்தான் சார்."

"அப்படியானால் இவர் தேவையில்லாத ஆளா?"

ஏழுமலையை எங்களோடு உள்ளே ஏற்றினோம். தலையில் காதுமூடி ஒன்றை மாட்டி, இடுப்பில் வாரைக் கட்டி, என் பக்கத்திலேயே குப்புறப் படுக்கவைத்தேன். தரை ஓட்டை வழியாகத் தன் மஞ்சள் புல்டோசர் மண்ணைவிட்டு எழும்புவதைப் பார்த்ததும் அவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

கீழே வில்லியனூர் கோபுரமும் மாதா கோயிலும் கடந்தன. அதற்கப்புறம் ஆறு எது, வயல் எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே செந்நீர். நடுநடுவே தென்னந்தலைகள். புல்டோசர் மெல்ல ஆடிக்கொண்டே வந்தது. "ஆடுது சார், ஆடுது" என்று ஏழுமலை என் காதுமூடிக்குள் கத்தினார். "ஆடும்யா, பேசாம வா" என்று நான் கத்தினேன்.

ஏரி வந்தது. கரை நெடுக ஜனங்கள்.

"ஏன் இவ்வளவு பேர்?" என்று இண்டர்காமில் கேப்டன் குரல்.

"மண் மூட்டை போடுகிறவர்கள் சார்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியதும்தான் தெரிந்தது, பாதிப் பேர் கையில் மூட்டை இல்லை. துண்டைச் சுழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மாலை. மாலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை, அதன் கீழே என் மாமனார்.

இப்போது என்னைப் பற்றி ஒரு உண்மை. பத்து டன் இரும்பு ஒரு கயிற்றில் ஆடுகிறது, கீழே உடையப்போகிற கரை, அதன்மேல் ஜனக்கூட்டம். அந்த நொடியில் என் மனதில் முதலில் வந்தது ஆபத்து இல்லை. 'சொல்தாவும் வந்திருப்பாரா' என்பதுதான்.

போலீஸ்காரர்கள் தடியை ஆட்டிக் கூட்டத்தை விலக்கினார்கள். நடுவில் ஒரு இடம் காலியானது. கேப்டன் இறக்க ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொண்டு வந்தேன்: முன்னால் ஐந்து, முன்னால் மூன்று, நிறுத்து, இறக்கு, இறக்கு. என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

தள்ளும் என்று அந்த ரஷ்யக் கிழவர் சொன்னது அப்போதுதான் கீழே நடந்தது. முதலில் கரைமேல் இருந்த காவல் குடிசையின் கூரை முழுசாகக் கிளம்பிப் போனது. அடுத்து ஏரித் தண்ணீர் ஒரு வெள்ளைச் சுவராக எழுந்தது. ஓலை, சேறு, துண்டு, மாலை எல்லாம் சுழன்று மேலே வந்தன. வயிற்றுக்கு அடியில் சுமையைப் பார்க்க ஒரு கேமராவும் உண்டு. அதன் திரையிலும் வெறும் வெள்ளை. புல்டோசர் காணோம். கரை காணோம். கயிறு மட்டும் பாலுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி மறைந்தது.

உங்களுக்கும் இது வரும், அதனால் கவனமாகக் கேளுங்கள். வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லிக்கொண்டே வந்தால் கண் நின்றுபோன பிறகும் அது தானாகச் சொல்லும். கடைசியாகப் பார்த்தபோது சுமை கொஞ்சம் இடது பக்கம் இருந்தது. ஆகவே அடுத்து வர வேண்டியது 'வலது இரண்டு'. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக நின்றது. கீழே முழு ஊரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பைலட்டு மாப்பிள்ளை திணறலாமா? ஆனால் ஏழுமலையின் விரல்கள் என் தோளை இன்னும் இறுக்கின. அந்தப் பிடியோ, என் பயமோ, எது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. படித்த இங்கிலீஷ், பழகிய இந்தி எல்லாம் போய் வாயிலிருந்து அம்மா சொல்லிக்கொடுத்த மொழி வந்தது.

"தெரியல. சார், தெரியல!"

கேப்டனுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இண்டர்காமில் அவர் இந்தியில் சொன்னது ஒரே வார்த்தை: "சரி."

இறங்கிக்கொண்டிருந்தது நின்றது. இடமும் இல்லை, வலமும் இல்லை, முன்னும் பின்னும் இல்லை. நேர் மேலே, எறும்பு ஊர்கிற வேகத்தில் எழும்ப ஆரம்பித்தது. சுமை எதிலாவது மாட்டியிருந்தால் கயிறு இறுகும். அப்போது கொக்கியை விடுவிக்கிற பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் சேர்ந்து விழுவோம். அழுத்தினால் கீழே யார்மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது. கேப்டனின் கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏழுமலைக்கு அந்த விவரம் தெரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"வுட்றாதீங்க சார்! என் வண்டிய வுட்றாதீங்க!"

நான் அருள் நிறைந்த மரியாயே ஜெபத்தை நடுவிலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைச் சுவர் எங்களுக்குக் கீழே தணிந்தது. புல்டோசர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டு வந்தது. கரையில் ஜனங்கள் குப்புறக் கிடந்தார்கள். ஏரிச் சரிவில் சறுக்கி விழுந்த ஒருவரை இரண்டு பேர் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். புல்டோசர் தொங்கிய இடத்துக்குச் சற்று வலது பக்கம், ஒரு வெட்டிய பனையின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, குடையும் இல்லாமல், மேல்துண்டும் இல்லாமல் படுத்துக் கிடந்தார் என் மாமனார்.

வலது பக்கம். நான் சொல்ல இருந்தது வலது.

அதற்குமேல் நான் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்தது பிற்பாடுதான், பல வருடங்களாக.

ஏரிக்கு அருகில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை மேடு இருந்தது. அங்கே புல்டோசரை வைத்துவிட்டு, தள்ளி நாங்களும் இறங்கினோம். கேப்டன் பின்னால் வந்தார். திட்டுவார் என்று விறைப்பாக நின்றேன்.

"அப்போது நீ சொன்னாயே, அது என்ன வார்த்தை?"

"தெரியல, சார்."

"தெரியாதா? நீதானே சொன்னாய்?"

"அதுதான் சார் வார்த்தை. கண்ணுக்குப் படவில்லை என்றும் அர்த்தம். எனக்குத் தெரியாது என்றும் அர்த்தம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இரண்டுக்கும் ஒரே வார்த்தையா? நல்ல மொழி" என்றார். பிறகு, "நீ ஏதாவது ஒரு திசையைச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். உன்னை நம்பித்தான் ஓட்டுகிறேன்" என்றார். பாராட்டா, எச்சரிக்கையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

அதற்குள் கரையிலிருந்து ஒரு கிராம அதிகாரி மீனவர் படகில் வாய்க்காலைக் கடந்து வந்து சேர்ந்தார். தலையெல்லாம் சேறு. அவரிடம் கேப்டன், நான் மறுபடி வருகிறேன், இந்தத் தடவை ஏரிப் பக்கமிருந்து வருகிறேன், காற்று தண்ணீர்மேல் அடிக்கட்டும், ஆனால் கரையில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"சொல்லியாச்சு சார், போவ மாட்டேன்றாங்க" என்றார் அதிகாரி. "வண்டிய ஓட்றது இந்த ஊரு மாப்ளயாம். இறங்கி வந்து கரையில நிப்பாராம், மால போடணுமாம். ஹெலிகாப்டர் வருதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பெரியவரு ஊரையே கூட்டியாந்து வெச்சிருக்காரு. மொத தடவ வந்தது சும்மா வெள்ளோட்டம், ரெண்டாவது தடவதான் இறங்குவாருன்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு."

கேப்டன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அந்த மொழிபெயர்ப்பைச் செய்ய எனக்கு வேண்டிய இந்தி வார்த்தைகள் எல்லாம் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். துணைப் பைலட் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. கேப்டன் சிரிக்காத மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அன்றும் சிரிக்கவில்லை.

"போய் அவர்களிடம் பைலட் யார் என்று சொல்லிவிட்டு வா. எரிபொருள் அதிகம் இல்லை."

ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு படகில் போனேன். கரையில் கால் வைத்ததும் ஜனங்கள் எழுந்தார்கள். மாமனார் சேறும் சிராய்ப்புமாக, கையில் எங்கிருந்தோ மறுபடி பிடித்த மாலையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அரித்துக்கொண்டிருந்த இடம் அங்கிருந்து தெரிந்தது. ஏரித் தண்ணீர் கரையின் நெஞ்சுவரை ஏறி நின்றது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூடை மண் போய்க்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ள! எங்க, தலைய குனிங்க."

"மாமா, மாலை இருக்கட்டும். எல்லாரும் கரைய விட்டு இறங்கணும். நான் பைலட்டு இல்ல."

"இன்னாது?"

"நான் வண்டி ஓட்றவன் இல்ல மாமா. ஓட்றவரு அதோ அங்க நிக்கிறாரு. நான் பின்னாடி படுத்துக்கினு வர்றவன். கீழ தொங்கறத கயித்துல கட்றது, எங்க போவுதுன்னு பாத்துச் சொல்றது. அவ்ளோதான்."

மாமனார் மாலையைப் பிடித்த கையை இறக்கினார். நிஜமாகவே புரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார்:

"கயிறு கட்றதுக்கா மாப்ள ரஷ்யா வரைக்கும் போனீங்க?"

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. அத்தனை பெரிய மழையில், அத்தனை பெரிய ஆபத்தில் அந்த ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஊரிலேயே பெண் எடுத்திருந்த என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன், "டேய் அந்தோணி, எங்க வூட்டு மாடு கட்றதுக்கும் ஒரு ஆளு வேணும்டா" என்றான். நான் நின்றேன். வேறென்ன செய்வது? சிரித்து முடிக்கட்டும் என்று பார்த்தால் சிரித்துக்கொண்டே அங்கேயே நிற்கிறார்கள். ஒருவரும் நகரவில்லை. மாப்பிள்ளை பைலட் இல்லை என்றால் என்ன, பறக்கிற புல்டோசர் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டாமா?

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார். நனைந்த கோட்டு, நிமிர்ந்த முதுகு. சொல்தா. அவரும் சிரித்துவிட்டுத்தான் வந்தார், மீசையில் சிரிப்பு மிச்சம் இருந்தது. என் எதிரில் நின்று, "நீ போவச் சொல்ற. போவலன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"மறுபடி காத்து அடிக்கும் ஐயா. நான் பாக்க முடியாது. பாக்க முடியலன்னா திரும்பிடுவோம். மூணாவது தடவ வர எண்ணெய் இல்ல."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அந்த வயதில் அப்படி ஒரு குரல், அதுவும் பட்டாளத்து பிரெஞ்சில், வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அலே! அலே! கரைய காலி பண்ணு! டேய் சூசை, நட. நான் குதிச்சப்ப பிளேன் ஓட்னவன் மூஞ்சிய நான் பாத்தது இல்ல. பின்னால நின்னு கயித்த இழுத்துப் பாத்து 'குதி'ன்னு சொன்னவன் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு. அவன் சொல்லாம குதிச்சவன் எவனும் ஊரு வந்து சேரல. நட!"

ஜனங்கள் நடந்தார்கள். என் மாமனாரும் நடந்தார், சொல்தாவின் பக்கத்தில், மாலையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு. ஏழுமலை மட்டும் கரையின் கோடியில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டார். நான் படகில் திரும்பிப் புல்டோசரை மறுபடி கயிற்றில் மாட்டினேன்.

இரண்டாவது தடவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல வேலையைப் பற்றிச் சொல்ல எப்போதுமே அதிகம் இருக்காது. கேப்டன் ஏரியின் மேலிருந்து காற்றுக்கு முகம் கொடுத்து வந்தார். தண்ணீர் எங்களுக்குப் பின்னால் எழுந்து விழுந்தது, முன்னால் கரை தெளிவாகத் தெரிந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன், பார்க்காத நேரத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஒரு தடவை, "தெரியல" என்றேன். அவர் நின்றார். தெரிந்ததும் சொன்னேன், வந்தார். புல்டோசரின் சங்கிலிப் பட்டை கரையைத் தொட்டது, கயிறு தளர்ந்தது, கொக்கி விட்டது. நாங்கள் விலகும்போது ஏழுமலை புளியமரத்தடியிலிருந்து ஓடிவருவதைப் பார்த்தேன். வண்டியில் ஏறுமுன் தலைத்துண்டை அவிழ்த்து இருக்கையை ஒரு முறை துடைத்தார். பிறகு புகை கிளம்பியது.

அதற்குமேல் நாங்கள் பார்க்கவில்லை. வேறு பக்கம் அரிசி மூட்டை போட அனுப்பிவிட்டார்கள். கரை நின்றுவிட்டது என்று யாரோ ரேடியோவில் சொன்னார்கள். கேப்டன் தலையை ஆட்டிவிட்டு வரைபடத்தை மடித்தார்.

உங்களில் சிலர் கேட்கலாம், இருபது டன் தூக்குகிற எந்திரத்தில் இவ்வளவு வருடம் இருந்த ஆள் இதையா சொல்ல வந்தான் என்று. எந்திரம் எவ்வளவு தூக்கும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். உங்கள் குரல் எவ்வளவு தள்ளும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள் சொல்கிற திசைக்கு அத்தனை டன்னும் நகரும், உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் சரி.

அந்தப் பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனேன். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கையால் கயிறு முறுக்குவது போலச் செய்துகாட்டினார்கள். பழகிக்கொண்டேன். மாமனார் என்னை ஏரிப் பக்கம் கூட்டிப்போனார். கரையில் புது மண் தனி நிறமாகத் தெரிந்தது. எதிரே கீழ்த்தெருவைச் சேர்ந்த ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். மாமனார் அவளை நிறுத்தி, "இவருதாம்மா என் மாப்ள, அன்னிக்கு ஏரில வந்தவரு" என்றார்.

"ஐய, தெரியும்ணா" என்று அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அன்னிக்கு கரை ஒடஞ்சிருந்தா எங்க வூடுதான் மொதல்ல போயிருக்கும். இவன் அப்ப பொறந்து ஒரு வாரம். அதான் கரைய காப்பாத்துனவரு பேரையே இவனுக்கு வெச்சிட்டோம்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கதையும் அதுதான், என் நெஞ்சு பழையபடி விரிய ஆரம்பித்திருந்தது.

"அந்தோணின்னா வெச்சிருக்க?" என்றார்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் புரியாமல் பார்த்தாள்.

"ஏழுமலைண்ணா" என்றாள்.

குழந்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூங்கினான். அவனுக்குப் பின்னால் ஏரி தளும்பிக் கிடந்தது. கரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசையாகக் குனிந்து நவரைப் பட்டத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.